துருவும் மனச்சான்றும்

துருவேறிய பழைய மகிழுந்தைப் பழுது பார்ப்பதா, கைவிடுவதா என்பது பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் வாழும் எளிய குடும்பங்களுக்கு வெறும் ஆராய்ச்சி வினா அன்று. வேலையும் பள்ளியும் மருத்துவமனையும் அவ்வண்டியை நம்பியே இருக்கின்றன. 2009 அக்டோபரில், 15 ஆண்டு கடந்த ஊர்திகள் சாலைவரியைப் புதுப்பிக்கச் சோதனைக்கு வரவேண்டுமென மலேசிய அரசு அறிவித்தது. எதிர்ப்பு எழவே அடுத்த மாதமே கைவிட்டது. ஏழையின் இடரை எண்ணியது நன்றே. ஆயினும் முடிவு மீண்டும் உரிமையாளரின் மனச்சான்றிடமே வந்து சேர்ந்தது.

1985-இல் வெளிவந்த புரோட்டோன் சாகா போன்ற வண்டிகளுக்குத் தனிச் சட்டகம் இல்லை, உடற்தகடே எலும்புமாகும். கதவின் மேற்பரப்பில் தோன்றும் துரு தேமல் போன்றது. தளத்தையும் கதவடியையும் தின்ற துருவோ, மோதலின்போது உள்ளிருப்போரைக் கைவிட்டுவிடும். கிள்ளான் துறைமுகப் பக்கத்து உப்புக்காற்று அவ்வரிப்பை விரைவுபடுத்தும். நோயின் காரணத்தை முதலில் ஆராய்க என்பது மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் நெறி. அரித்த தகட்டை வெட்டியெடுத்துப் புதுத்தகட்டைப் பற்றவைத்தால் மருத்துவம். துளையைப் பசையால் அடைத்து வண்ணம் பூசினால் ஒப்பனை. செலவு என்னவோ ஒப்பனைக்குத்தான் குறைவு!

தந்தை ஓட்டிய வண்டி என்னும் பாசம் பழிக்கத்தக்கதன்று. ஆனால், பின்னிருக்கையில் உறங்கும் குழந்தை தகட்டின் நிலையை அறியாது. விற்றுவிடலாமே என்பர் சிலர். தம் மக்களை ஏற்றத் துணியாத வண்டியில் பிறர் மக்களை ஏற்றிவிடுவது எவ்வகை அறம்? பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் தொகை மிகச் சிறிது என்பதனாலேயே பலர் இவ்வினாவை எழுப்புவதில்லை.