அழித்த படங்கள்

அம்பத்தூர் ஓ.டி.யில் ஒருவரிடம் பழைய நிக்கான் டி40 வாங்கினேன். 2006-ல் வந்த மாடல், வெறும் 6 மெகாபிக்சல். ஐ.எஸ்.ஓ. 1600-ஐத் தொட்டாலே படம் புள்ளி புள்ளியாகிவிடும். அதனால் கொரட்டூர் ஏரிக்கரையில் வெளிச்சம் வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்கணும். அந்தச் சும்மாவுக்காகத்தான் வாங்கினேன்.

மெமரி கார்டையும் கூடவே கொடுத்தார். “எல்லாம் அழிச்சிட்டேன் தம்பி.”

என் தொழிலில் அழிப்பது என்பது பெரும்பாலும் பொய். கார்டின் பட்டியலில் படத்தின் பெயர்மேல் ஒரு குறி விழும், அவ்வளவுதான். இன்னொரு படம் அதன்மேல் வந்து உட்காரும்வரை பழையது அங்கேயே கிடக்கும். போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். 41 படங்கள் எழுந்து வந்தன. பருத்திப்பட்டு ஏரிப் பூங்காவில், பச்சைச் சேலையில் ஒரு அம்மா. விற்றவரின் சாடை அப்படியே. கடைசி மூன்றில் கட்டிலில் படுத்திருந்தார்.

கீழே கிடந்த கடிதத்தைப் படிப்பது வேறு. கிழித்துப் போட்டதை ஒட்டவைத்துப் படிப்பது வேறு. நான் செய்தது இரண்டாவது.

“அவர்கிட்ட கேட்டுப் பாருங்களேன்,” என்றாள் மனைவி. பிரதி எடுக்காமல் அழித்திருந்தால் அவர் அழுதுகொண்டே வாங்கிக்கொள்ளலாம். பார்க்க முடியாமல்தான் அழித்தார் என்றால்? கேட்பதே சொல்லிவிடுவது மாதிரிதானே. அவர் மனம் நோகும் என்றுதான் போன் செய்யவில்லை என்று கொஞ்ச நாள் நம்பினேன். உண்மையில், நான் பார்த்தது அவருக்குத் தெரிந்துவிடும்.

கேமராவில் இப்போது வேறு கார்டு. பழையது மேசை டிராயரில் இருக்கிறது. அதில் ஒரு படம்கூட எடுக்கவில்லை.