ஆசாரமும் அடுத்தவரும்

வேங்கடமுடையானின் திருமஞ்சனத்துக்காகப் பெரிய திருமலை நம்பி பாபவிநாசத்திலிருந்து நாள்தோறும் தீர்த்தக்குடம் சுமந்து வந்தார் என்றும், அவ்வாறு நீர் சுமந்தவரிடமே ஸ்ரீராமாநுஜர் கீழ்த் திருப்பதியில் ஓராண்டுக் காலம் ராமாயண அர்த்தங்களைக் கேட்டார் என்றும் வைணவ சம்பிரதாயம் கூறும். அதே திருமலையின் அடிவாரத்தில், ஒற்றை அறையில் ஒரு குடும்பமே ஒண்டியிருக்கும் சந்துகளில், பொழுது விடியுமுன் பிளாஸ்டிக் குடத்துடன் பொதுக் கழிப்பிடத்தின் முன் வரிசையில் நிற்கும் பெண் சுமப்பதும் நீர்தான். முன்னதைக் கைங்கரியம் என்கிறோம். பின்னதைப் பற்றி நம் சாஸ்திர விசாரம் வாய் திறப்பதில்லை.

நமது ஆசாரம் விலகலில் வளர்ந்தது. மடி உடுத்தவர் விழுப்பின்மேல், அதாவது தூய்மையற்றதன்மேல், படாமல் ஒதுங்கிப் போவார். ஒதுங்க இடமிருந்தவர்க்கே அது சாத்தியமாயிற்று. 2014இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கம், சமுதாயக் கழிப்பிடத்தில் 35 ஆண்களுக்கு ஓர் இருக்கை, 25 பெண்களுக்கு ஓர் இருக்கை என்று அளவு வகுத்தது. அந்த அளவு முழுமையாக நிறைவேறிய இடத்திலுங்கூட, ஒருத்தியின் சுத்தம் அவளுக்கு முன் சென்றவள் ஊற்றிய நீரிலும், அவளுக்குப் பின் வருபவளின் சுத்தம் இவள் ஊற்றும் நீரிலும் அடங்கியிருக்கிறது. தன்னந்தனியாக ஒருவர் அங்கே சுத்தமாயிருக்கவே முடியாது. பிறிதொன்றுக்கு ஏற்றம் விளைப்பதையே தன் சொரூபமாகக் கொண்டது சேஷம் என்று வேதார்த்த சங்கிரகத்தில் ராமாநுஜர் விளக்கிய தத்துவத்துக்கு, முகமறியாத அடுத்த ஆளுக்காக ஊற்றப்படும் அந்த அரைக்குடம் நீரைவிட அணுக்கமான திருஷ்டாந்தம் எனக்குத் தோன்றவில்லை.

இந்தச் சிந்தனையில் ஓர் அபாயமும் உண்டு. 1901இல் கல்கத்தா காங்கிரஸில் காந்தியடிகள் தாமே துடைப்பம் எடுத்துக் கழிப்பிடத்தைச் சுத்தம் செய்தாரென்றால், அவர் விரும்பி எடுத்தார். எந்நேரமும் அதைக் கீழே வைத்துவிட்டுப் போக அவருக்குச் சுதந்திரம் இருந்தது. பிறந்த குலத்தின் பெயரால் அதே துடைப்பம் திணிக்கப்பெற்றவரிடம் சேவையின் மகிமையைப் பேசுவது, மனிதக் கழிவை மனிதனே அள்ளுவதைத் தடுக்க 2013இலும் ஒரு சட்டம் தேவைப்பட்ட தேசத்தில், வெறும் வஞ்சகம். அவருக்கு உரியவை நியாயமான சம்பளமும் கையுறையும் காலணியும், ஸ்தோத்திரம் அன்று.

கைங்கரியம் என்பது பயன்படுத்துகிறவர்க்கே உரிய தர்மமாக இருக்கட்டும். அதையுங்கூடக் குழாயில் நீரும், கதவுக்குத் தாழ்ப்பாளும், இரவில் விளக்கும் வந்துசேர்ந்த பிறகே பேசலாம். அவற்றைத் தர வேண்டிய நகர நிர்வாகம் கைவிரித்திருக்கும் வரையில், அந்த வரிசையில் நிற்கும் பெண்களுக்கு வேதாந்தம் உபதேசிக்க எந்த ஆசாரியனுக்கும் அதிகாரமில்லை.