பண்டிகைத் தளிகையும் குடும்ப நினைவும்

மனிதனின் நினைவுகளுள் நாவின் நினைவு மிக நீண்டது. பாட்டியின் முகம் காலப்போக்கில் மங்கிவிடலாம். அவள் பேசிய பேச்சுகள் மறந்துவிடலாம். ஆனால் மார்கழிக் குளிரில், வெண்கலப் பானையில், பாலும் நெய்யும் வெல்லமும் சேர அவள் பக்குவம் செய்த அக்காரவடிசிலின் சுவை ஐம்பது ஆண்டுகள் கழிந்தாலும் மறப்பதில்லை. பிழைப்பின் பொருட்டுக் கடல் கடந்து குடியேறிய குடும்பங்களை நோக்கினால் இது விளங்கும். அவர்கள் உடையை மாற்றிக்கொள்கிறார்கள். சில தலைமுறைகளில் மொழியையும் இழக்கிறார்கள். பண்டிகைச் சமையலை மட்டும் எளிதில் கைவிடுவதில்லை.

இங்கே சிந்திக்கத்தக்க வினா ஒன்று எழுகின்றது. நாடு மாறினால் அரிசி மாறுகின்றது, வெல்லம் கிடைக்காத ஊரில் பழுப்புச் சர்க்கரை அந்த இடத்தைப் பிடிக்கின்றது, விறகடுப்பு மின்னடுப்பாகின்றது. இத்தனையும் மாறிய பின்னர் அது முன்னோர் செய்த அதே பண்டிகைத் தளிகைதானா? சிறிதும் மாறலாகாது என்று வற்புறுத்துவது பக்தியா, அன்றி நாவின் பற்றா? சுருங்கச் சொன்னால், பண்டிகை உணவு எதனால் பண்டிகை உணவாகின்றது?

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் உழைக்க ஒப்பந்தம் செய்துகொண்டு தமிழும் தெலுங்கும் பேசும் மக்கள் அதில் சென்றார்கள். அவர்களைத் தொடர்ந்து மேலும் பல்லாயிரவர் சென்றார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்களில் பெரும்பாலோர் இன்று வீட்டில் பேசுவது ஆங்கிலமே. ஆயினும் புரட்டாசி மாதம் வந்தால் புலால் நீக்கி, சனிக்கிழமைகளில் விளக்கேற்றி, கோவிந்த நாமம் சொல்லி, படைத்த உணவை உண்ணும் குடும்பங்கள் அங்கே மிகப் பல. பாட்டன் பேசிய மொழி போயிற்று; பாட்டன் நோற்ற நோன்பு நின்றது. பண்டம் பழைய ஊரின் பண்டமன்று. எனினும் யார் பொருட்டு அது சமைக்கப்படுகின்றது என்னும் நினைவு மாறவில்லை.

பிற சமயத்தாரிடத்தும் இதற்கு ஒப்பானதைக் காணலாம். யூதர்கள், தம் முன்னோர் எகிப்தில் அடிமைப்பட்டிருந்து விடுதலை பெற்றதைப் பாஸ்கா என்னும் திருநாளில் நினைவுகூர்கின்றனர். அன்றிரவு உண்ணும் பொருள்களுள் ஒன்று, முன்னோர் செங்கல் அடுக்கக் குழைத்த சாந்தைக் குறிக்கும் இனிப்புக் கலவை. கிழக்கு ஐரோப்பாவில் வாழ்ந்தோர் அதனை ஆப்பிளும் கொட்டைப் பருப்பும் சேர்த்துச் செய்தனர். ஈராக்கில் வாழ்ந்தோர் பேரீச்சம்பழப் பாகினால் செய்தனர். சுவை வேறு, பொருள் ஒன்று. அது பிழையாது வருவதற்குக் காரணமும் வெளிப்படை. விருந்தில் அமர்ந்துள்ள குழந்தை, இந்த இரவு மற்ற இரவுகளினின்றும் ஏன் வேறுபட்டது என்று கேட்க வேண்டும். பெரியோர் கதை முழுவதையும் எடுத்துரைக்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி. கேள்வியும் விடையும் உள்ளவரையில் பண்டத்தின் மாறுதல் பண்டிகையைக் குலைப்பதில்லை.

அப்படியானால் எதை வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் செய்யலாமோ எனின், அன்று. நம் ஸம்ப்ரதாயம் இதற்கு எல்லை வகுத்துள்ளது. பகவத் ராமாநுஜர் ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்தில், உபாஸனைக்கு வேண்டிய ஸாதனங்கள் ஏழினுள் முதலாவதாக விவேகத்தை வைத்தார். விவேகமாவது தூய உணவினால் வரும் உடற்றூய்மை. உணவுக்கு நேரும் குற்றங்கள் மூன்று: பண்டத்தின் இயல்பால் வருவது, அது யாரிடமிருந்து வந்தது என்பதால் வருவது, இடையில் நேர்ந்த மாசினால் வருவது. ஆகவே விலக்கப்பட்டதைச் சேர்ப்பதும், தூய்மையின்றிச் சமைப்பதும், தகாத வழியில் வந்ததைக் கொண்டு தளிகை செய்வதும் எந்நாட்டிலும் குற்றமே. ஆனால் பாட்டி இட்ட அளவில் ஏலக்காய் இடாமை இம்மூன்றனுள் ஒன்றிலும் அடங்காது. கண்ணன் கீதையில் தான் ஏற்பதாகக் கூறியவை இலையும் பூவும் கனியும் நீருமே; அங்கே அவன் நாடியது அன்பொன்றையே.

இதனை மறக்கும்போதுதான் நினைவு தீங்காக மாறுகின்றது. “எங்கள் வீட்டில் இப்படிச் செய்வதில்லை” என்னும் ஒரு சொல், வேற்றூரிலிருந்து வந்த மருமகளைப் பண்டிகை நாளில் கண்கலங்கச் செய்துவிடும். அவளும் ஒரு தாயின் கைப்பக்குவத்தை நெஞ்சில் சுமந்து வந்தவள் என்பது அப்போது தோன்றுவதில்லை. அயல்நாட்டில் பிறந்து வளர்ந்த பேரன், பாயசத்தைச் சுவைத்து முகம் சுளித்தால் அவனைக் கடிந்துகொள்கிறோம்; அது யாருக்கு நிவேதனமாயிற்று, ஏன் இன்று செய்தோம் என்று அவனுக்குச் சொன்னோமா என்று எண்ணிப் பார்ப்பதில்லை. ‘என் வீடு, என் வழக்கம், என் சுவை’ என்னும் இந்த அபிமானத்துக்கு மமகாரம் என்று பெயர். எம்பெருமானுக்கு உரியதைத் தன்னது எனக் கொள்வது அது. முன்னோரை நினைப்பது நன்று; அவர்களைக் காரணம் காட்டி உடனிருப்போரை வருத்துவது முன்னோருக்கும் பெருமையாகாது.

குடும்பம் என்பதன் எல்லையையும் ஆன்றோர் விரித்தே கண்டனர். திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் ஸமர்ப்பிப்பதாக ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் நேர்ந்தாள். நெடுங்காலம் கழித்து அந்த நேர்த்தியை நிறைவேற்றியவர் ராமாநுஜர். பின்னர் அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் சென்று சேவிக்க, தங்கையின் விருப்பத்தை முடித்த தமையனாக ஆண்டாள் அவரை ஏற்றாள் என்றும், அதனால் அவர் கோயில் அண்ணன் ஆனார் என்றும் குருபரம்பரை கூறும். இருவரும் ஒரு வீட்டில் பிறந்தவரல்லர். ஒரு காலத்தில் வாழ்ந்தவருமல்லர். ஒருத்தி நேர்ந்த தளிகையை மற்றொருவர் ஸமர்ப்பித்த அதனாலேயே உடன்பிறப்பாயினர். குடும்பம் உணவைப் படைக்கின்றது என்பது உலகறிந்த செய்தி. பகவானுக்குப் படைத்த உணவு குடும்பத்தைப் படைக்கின்றது என்பது இவ்வரலாற்றால் பெறப்படும்.

ஆதலின் தம்மவர் மட்டும் கூடி உண்பதைப் பண்டிகை என்று எந்தப் பெரியோரும் ஒப்பவில்லை. இஸ்லாமியர் ஈகைத் திருநாளன்று சிறப்புத் தொழுகைக்கு முன்பாகவே ஏழைகளுக்குரிய ஃபித்ராவைக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர்கள் நெறி. போலந்து நாட்டுக் கிறிஸ்தவர் கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு விருந்தில், எதிர்பாராது வரும் விருந்தினருக்காக ஓர் இருக்கையையும் தட்டையும் காலியாக வைப்பர். மறைந்தவரையும் பிரிந்தவரையும் நினைப்பதற்கும் அதுவே இடமாகின்றது. நம்மிடத்தில் இதற்குத் ததீயாராதனம் என்று பெயர். குமுதவல்லி நாச்சியாரின் விருப்பப்படி ஓராண்டுக் காலம் நாள்தோறும் ஆயிரத்தெட்டு வைஷ்ணவர்களை அமுது செய்வித்த திருமங்கையாழ்வார் அந்தக் கைங்கர்யத்தினாலேயே எம்பெருமானின் நேரான அருளுக்கு இலக்கானார்.

பிள்ளைகள் வெவ்வேறு நாடுகளில் வாழ, பண்டிகை நாளில் இரண்டே இலைகள் இடும் முதியோர் இன்று பலர். முன்பு பத்து இலைகள் விரிந்த கூடத்தில் அந்த இரண்டைக் காண்பது துயரமே. அதனைத் துயரமன்று எனக் கூறுதல் பொய்யாகும். ஆனால் மூன்றாவது இலை ஒன்றை இட்டு, துணையற்ற அயலார் ஒருவரை அழைப்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டுவதில்லை. அவ்வாறே வேற்றுநாட்டில் தனித்திருக்கும் பிள்ளையும், ஒரு பிடி அன்னத்தைப் பெருமாளுக்குக் காட்டி அறைத் தோழனோடு பகிர்ந்துண்டால், அவன் தன் தாயின் பண்டிகையைக் கைவிட்டவனாகான். திருப்பாவையின் இருபத்தேழாம் பாசுரம் அணிகலன்களைச் சொல்லி, ஆடையைச் சொல்லி, நெய் வழியும் பாற்சோற்றைச் சொல்லி, முடிவில் அனைவரும் சேர்ந்திருந்து குளிர்வதிலேயே நிறைவு பெறுகின்றது. நோன்பின் பலன் சோறன்று; சேர்ந்திருத்தலே.

இவ்வுத்ஸவத்தில் திரளும் அடியார்கள் தொன்னையில் பெறும் பிரஸாதமும் இதனையே உணர்த்துகின்றது. அருகே அமர்ந்து உண்பவர் எந்த ஊரினர், எந்தக் குலத்தினர் என்று அறியோம். ஆயினும் இருவர் கையிலும் இருப்பது ஒரே தளிகை. இந்நினைவை வீட்டுக்கும் கொண்டு செல்வது கடமை. எந்நாட்டில் எந்த அடுப்பில் சமைத்தாலும் முதலில் எம்பெருமானுக்குக் காட்டுதல், பிள்ளைகளுக்கு அதன் வரலாற்றைச் சொல்லுதல், அயலார் ஒருவருக்கேனும் அளித்து உண்ணுதல் என்னும் மூன்றும் நிலைக்குமானால், சுவை சிறிது மாறினாலும் பண்டிகை மாறாது. அந்த நல்லுணர்வை அனைவருக்கும் அளித்து எம்பெருமான் திருவருள் புரிவானாக.