இரண்டாவது அலைக்கு முன்

தெஹிவளையில் தண்டவாளத்துக்கும் கடலுக்குமிடையே கல்லெறி தூரங்கூட இல்லை. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் காலை, கொழும்பிலிருந்து இவ்வழியே தெற்கு நோக்கிச் சென்ற புகையிரதம் ஒன்று பெரலியவில் முதலலையில் சிக்கி நின்றது. ஊரவர் பலர் அதுவே பாதுகாப்பெனக் கருதி அதில் ஏறினர். இரண்டாவது அலை வந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

சுமத்திராவில் நிலம் நடுங்கியது நம் நேரப்படி காலை ஏழு மணியளவில். ஒன்பது மணிக்கு முன்னரே கிழக்குக் கரையைக் கடல் விழுங்கிவிட்டது. அதன் பின்னரும் வண்டி ஓடிக்கொண்டிருந்தது! இதனை விதியென்று கூறி அமைதியடையலாமா? பசிபிக் கரைகளுக்கு 1949 முதல் எச்சரிக்கை நிலையம் இருந்தது. இந்து சமுத்திரக் கரைகளுக்கு அன்று அத்தகைய அமைப்பு இருக்கவில்லை.

சுமத்திராவை அடுத்த சிமலூத் தீவிலோ, 1907ஆம் ஆண்டுப் பேரலையின் நினைவை முதியோர் கதையாகச் சொல்லிவந்தனர்: நிலம் நடுங்கிக் கடல் உள்வாங்கினால் குன்றுக்கு ஓடு. எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட அம்மக்களுள் 2004இல் மாண்டோர் ஏழு பேரே.

சோதிடன் ஒரே நாளையைச் சொல்லிக் காசு பெறுகிறான். பல நாளைகளை எண்ணி, ஒவ்வொன்றிலும் செய்யவேண்டியது யாதென வினவுவது சோதிடமன்று, பொறுப்பு. ஷெல் எண்ணெய்க் கம்பனி 1970களின் தொடக்கத்தில் பல எதிர்காலங்களை எழுதிப் பார்த்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்கு அது ஆயத்தமாயிருந்தது. இலாபத்தைக் காக்க உதவிய முறை உயிர்களைக் காக்க உதவாதா?

2012 ஏப்ரல் 11இல் சுமத்திராக் கடலடி மீண்டும் நடுங்கியது. இம்முறை எச்சரிக்கை வந்தது. நம் கரையோர மக்கள் மேட்டுநிலம் தேடிச் சென்றனர். பேரலை வரவில்லை. இதனை வீண் அலைச்சல் என்போர் உளர். வராத அலைக்காக ஓடியது வீணன்று. வரக்கூடிய அலைக்கு அதுவே பயிற்சி.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. மாடிவீட்டாருக்கு ஏறி நிற்க மேல்தளம் உண்டு. தண்டவாளத்தோரக் குடிசைவாசிக்கும் மீனவனுக்கும் ஓடுவதென்றால் அன்றைய கூலியை இழப்பதே. அக்கூலியை ஈடுசெய்வது யார் என்ற கேள்வி இல்லாத திட்டம், வசதியுள்ளோரின் திட்டமே. நேற்றைய வரலாற்றைக் கற்பிக்கும் நாம், "இப்படி நேர்ந்தால் முதலில் யாரைக் காப்பது?" என்ற வினாவையும் வகுப்பறையில் எழுப்புவோம். இரண்டாவது அலைக்கு முன் கேட்கப்படவேண்டிய வினா அது.