யாருடைய குழந்தை?

பந்தியில் பரிமாறுபவருக்கு ஒரு தர்மம் உண்டு. ஒருவர் இலையில் நெய்யை வழியவிட்டு, அடுத்தவர் இலையைக் கண்டும் காணாமல் கடந்து செல்வது பந்தி வஞ்சனை. மிக எளிய வீட்டு விசேஷத்திலும் அதை எவரும் பொறுத்துக்கொள்வதில்லை. ஆனால் அதே பந்தியில், பல் போன முதியவருக்குச் சோற்றைக் குழைத்து இடுவதையும், காய்ச்சலிலிருந்து எழுந்த சிறுவனுக்குக் காரமில்லாத ரசத்தைத் தனியே கொண்டுவந்து ஊற்றுவதையும் யாரும் வஞ்சனை என்று சொல்வதில்லை. அளவு மாறுகிறது, பார்வை மாறவில்லை. வேதாந்தம் சமதரிசனம் என்று கூறுவது இந்தப் பார்வையின் சமத்துவத்தையே.

வீட்டுப் பந்தியில் தெளிவாக விளங்கும் இந்த உண்மை, பள்ளிக்கூட வாசலுக்கு வந்ததும் மங்கிவிடுகிறது. பார்வை குன்றிய மாணவி ஒருத்திக்குத் தேர்வில் கூடுதல் நேரம் அளித்தால், 'மற்றப் பிள்ளைகளுக்கு இது அநீதி அல்லவா?' என்ற கேள்வி எழுகிறது. இதற்கு விடை காண்பது கடினமன்று. கடினமான கேள்வி வேறொன்று உண்டு. பரிமாறுபவர் ஒருவராக இல்லாமல் பத்துப் பேராக இருந்தால் என்ன ஆகும்? ஒவ்வொருவரும் மற்றொருவர் பரிமாறியிருப்பார் என்று நம்பிக் கடந்துவிட்டால், வஞ்சனை செய்தவர் என்று எவரையும் சுட்ட முடியாது. இலை மட்டும் வெறுமையாகவே இருக்கும்.

சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்காகப் பல பள்ளிகள் கைகோத்துச் செயல்படும் ஏற்பாட்டில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. அந்த ஏற்பாட்டின் தேவையும் மறுக்க முடியாதது. குறைபாடுள்ள குழந்தைகள் சாதாரணப் பள்ளியிலேயே பயில உதவும் திட்டத்தை மத்திய அரசு 1974-ஆம் ஆண்டு தொடங்கியது. ஆனால் கிராமப்புறப் பள்ளி ஒன்றில் இத்தகைய குழந்தை ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ஒரு குழந்தைக்கு ஒரு பயிற்றுநரை நியமிப்பது நடைமுறைக்கு ஒவ்வாது; பயிற்றுநரே இல்லாமல் அக்குழந்தைக்குக் கற்பிப்பதும் இயலாது. இந்த முடிச்சை அவிழ்க்க, 1987-இல் யுனிசெஃப் உதவியுடன் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த கல்விச் செயல்திட்டம் ஒரு வழியைக் கண்டது. தனிப் பள்ளிக்குப் பதிலாக ஒன்றியம் முழுவதையும் ஓர் அலகாகக் கொள்வதே அவ்வழி. ஒன்றியத்தின் பள்ளிகள் அனைத்தும் இக்குழந்தைகளை ஏற்கும். கருவிகளையும் பயிற்றுநர்களையும் பொதுவில் வைத்துப் பயன்படுத்தும். ஆசிரியர் அனைவருக்கும் சில நாள் பயிற்சி, அவர்களுள் சிலருக்குச் சில வாரப் பயிற்சி, மிகச் சிலருக்கு ஓராண்டுப் பயிற்சி என்று மூன்று படிகளாக அது அமைந்தது.

அதே எண்ணம் பின்னர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் வட்டார வள மையங்களில் தொடர்ந்தது. பள்ளித் தொகுப்பு என்னும் கருத்தைக் கோத்தாரி கல்விக் குழு (1964–66) அதற்கும் முன்பே பரிந்துரைத்திருந்தது. தேசியக் கல்விக் கொள்கை 2020 அதை மீண்டும் கையிலெடுத்து, ஓர் உயர்நிலைப் பள்ளியை மையமாகக் கொண்டு 5 முதல் 10 கிலோமீட்டர் சுற்றளவிலுள்ள பள்ளிகளும் அங்கன்வாடிகளும் இணையலாம் என்கிறது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 5 முதல் 19 வயதுவரையுள்ள குறைபாடுடையோர் ஏறத்தாழ 65 லட்சம் பேர். அவர்களுள் கல்வி நிலையம் ஒன்றில் பயின்றுகொண்டிருந்தோர் சுமார் 61 விழுக்காடு. அன்று பத்தில் நான்கு பேர் எந்த வகுப்பறையிலும் இல்லை.

புதன்கிழமைப் பிள்ளை

இத்தகைய தொகுப்பு ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். இருபது பள்ளிகள், ஒரே ஒரு சிறப்புப் பயிற்றுநர். அவர் பேருந்து ஏறி, பள்ளிக்கு ஒரு நாளாகச் சுற்றி வருகிறார். மலையடிவாரத்துத் தொடக்கப் பள்ளிக்கு அவருடைய நாள் புதன்கிழமை. அங்கே மூன்றாம் வகுப்பில் செவித்திறன் குறைந்த சிறுமி ஒருத்தி இருக்கிறாள். பயிற்றுநர் வரும் நாளில் அவள் தனியே அமர்ந்து படங்களைக் கொண்டு சொற்களைக் கற்கிறாள். மற்ற நாட்களில்? வகுப்பாசிரியர் நல்லவர், அவளிடம் கடிந்து ஒரு சொல்லும் பேசியதில்லை. 'அவளுக்கென்று ஒருவர் வருகிறார்' என்ற எண்ணம் மட்டும் அவர் மனத்தில் மெல்ல வேரூன்றிவிட்டது. நாளடைவில் அவள் மூன்றாம் வகுப்பின் பிள்ளையாக இல்லாமல் புதன்கிழமையின் பிள்ளையாகிவிடுகிறாள். உதவி வந்ததனாலேயே கவனிப்பு விலகிச் சென்றது. இதில் கெட்ட எண்ணம் கொண்டவர் எவருமில்லை என்பதே இதன் கொடுமை.

தொகுப்பின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் இந்த இடத்தில்தான் சோதிக்கப்படுகிறார். அவர் பெரும்பாலும் மையப் பள்ளியின் தலைமையாசிரியராக இருப்பார். மற்றப் பள்ளிகளின் தலைவர்கள் அவருக்குக் கீழ்ப்பட்டவர்கள் அல்லர், ஒத்த நிலையினர். ஆணையிட்டு அவரால் அதிகம் சாதிக்க முடியாது. அழைக்கலாம், கேட்கலாம், நினைவூட்டலாம், தாம் முதலில் செய்து காட்டலாம். லோகசங்கிரகம் என்ற சொல்லை உலக நன்மை என்று பொதுவாக மொழிபெயர்த்துவிடுகிறார்கள். சங்கிரகம் என்பதற்குச் சேர்த்துப் பிடித்தல் என்ற பொருளும் உண்டு. சிதறக்கூடியவற்றைச் சிதறாமல் தாங்கி நிற்பது அது. பள்ளித் தொகுப்பின் தலைவருக்கு இந்தப் பொருளே பொருந்தும்.

அவர் முன்னுள்ள சிக்கலை வேதாந்த மொழியில் இவ்வாறு கூறலாம். ஒவ்வொரு தலைமையாசிரியரும் 'என் பள்ளி' என்ற மமகாரத்தோடு கூட்டத்துக்கு வருகிறார். பயிற்றுநர் தம் பள்ளிக்கு இரண்டு நாள் வரவேண்டும், பிரெயில் கருவி தம் அலமாரியில் இருக்கவேண்டும் என்று விரும்புகிறார். அந்த மமகாரம் தளராமல் கூட்டுறவு இல்லை. ஆனால் அது முற்றிலும் கரைந்துபோனால், 'இந்தக் குழந்தை என் பொறுப்பு' என்று சொல்லவும் ஆளிராது. 'நம் எல்லோருடைய குழந்தை' என்ற இனிய தொடர் பல வேளைகளில் 'யாருடைய குழந்தையும் அல்ல' என்ற பொருளையே நடைமுறையில் தருகிறது. பற்றை விடு என்று சொல்லும் சாஸ்திரம் குழந்தையைக் கைவிடச் சொல்கிறதா?

ஸ்ரீராமகிருஷ்ணர் அடிக்கடி எடுத்துக்காட்டிய செல்வந்தர் வீட்டுப் பணிப்பெண்ணை இங்கே நினைவுகூரலாம். எஜமானரின் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாகவே பாவித்து வளர்க்கும் அவளுடைய மனம் தன் கிராமத்து வீட்டில் இருக்கிறது. இந்த உவமையைப் பற்றின்மைக்குச் சான்றாகவே அன்பர்கள் கேட்டுப் பழகியிருக்கிறார்கள். அதன் மறுபக்கம் அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. அப்பெண் அந்தப் பிள்ளைகளை 'என் பிள்ளை' என்றுதான் அழைக்கிறாள், குளிப்பாட்டுகிறாள், ஊட்டுகிறாள். 'இவர்கள் என்னுடையவர்கள் அல்லர், ஆகவே அடுத்த பணிப்பெண் பார்த்துக்கொள்ளட்டும்' என்று அவள் நினைப்பதில்லை. உரிமை கொண்டாடும் 'எனது' ஒன்று. பொறுப்பேற்கும் 'எனது' மற்றொன்று. கருவிகள், நிதி, பயிற்றுநரின் நேரம், பாராட்டு ஆகியவற்றில் முதலாவது 'எனது' மறையவேண்டும். குழந்தையின் பெயரை உச்சரிக்கும்போது இரண்டாவது 'எனது' உறுதிப்படவேண்டும். இரண்டையும் ஒரே கூட்டத்தில், ஒரே மனிதர்களிடம் கேட்டுப் பெறுவதே தலைவரின் வேலை.

நடைமுறையில் இதற்கு ஒரு வழி, பயிற்றுநரின் பணியை மாற்றி அமைப்பது. புதன்கிழமை வரும் அவர் சிறுமியைத் தனியறைக்கு அழைத்துச் செல்லாமல், வகுப்பிலேயே வகுப்பாசிரியரின் அருகில் அமர்கிறார். அவளை முன்வரிசையில் எங்கே அமர்த்துவது, கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் முகம் தெரியப் பேசுவது எப்படி, வியாழன் காலையில் எதை மீண்டும் சொல்லவேண்டும் என்பவற்றைக் காட்டுகிறார். வருகையின் பயன் அவர் வராத நாட்களில்தான் அளக்கப்படும். தனியே கற்பிக்கவேண்டிய நேரங்களும் உண்டு. பிரெயில் எழுத்தை முதன்முதலில் கற்பிக்கும்போது அது தவிர்க்க முடியாதது. ஆயினும் அந்த நேரத்துக்கும் கணக்குக் கேட்பவர் வகுப்பாசிரியராகவே இருக்கவேண்டும்.

அதிகாரி பேதம்

நம் மரபிலிருந்தே ஓர் எதிர்வாதம் எழக்கூடும். கற்பவரின் தகுதிக்கேற்பக் கற்பிக்கவேண்டும் என்ற அதிகாரி பேதக் கொள்கையை எடுத்துக்காட்டி, 'இக்குழந்தைக்கு ஏற்ற இடம் வேறு' என்று சொல்லிவிடலாம். இக்கொள்கை நெடுங்காலம் கதவை அடைக்கும் தாழ்ப்பாளாகவே பயன்பட்டது என்பதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் தகுதியை அறியும் கடமை யாருடையது? ஆசிரியருடையது. கற்பவர் எங்கே நிற்கிறார் என்று கண்டு, அங்கேயே சென்று கைபிடித்து அழைத்துவரும் சுமையை இக்கொள்கை குருவின் தோளில் வைக்கிறது. மாணவரை வாசலிலேயே திருப்பி அனுப்புபவர் அந்தச் சுமையை இறக்கிவைத்தவரே ஆவார்.

சிறப்புப் பள்ளிகள் வேண்டியதில்லை என்பது இதன் பொருளன்று. நரேந்திரபூரில் ராமகிருஷ்ண மிஷன் நடத்தும் பார்வையற்றோர் பள்ளியைப் போன்ற நிலையங்கள் சாதாரணப் பள்ளிகளால் எளிதில் தர இயலாததைத் தருகின்றன. அவை தொகுப்புகளுக்கு வழிகாட்டவும் முடியும். குழந்தையின் நன்மைக்காக ஓரிடம் தேர்ந்தெடுக்கப்படுகிறதா, பள்ளியின் வசதிக்காக இன்னோரிடம் சுட்டிக்காட்டப்படுகிறதா என்பதே கேள்வி. கடுமையான குறைபாடுள்ள குழந்தைகள் வீட்டிலிருந்தே கற்கும் உரிமையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் வழங்குகிறது. அது உரிமை; பெற்றோர் விரும்பினால் தேர்ந்தெடுப்பது. பள்ளியே அதைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினால், பதிவேட்டில் பெயர் இருக்கும், வகுப்பில் குழந்தை இராது.

சொற்களின் இனிமையும் இந்த இடத்தில் உதவாது. 2015-இல் பிரதமர் 'திவ்யாங்' என்ற சொல்லை முன்வைத்தபோது, குறைபாடுடையோரின் அமைப்புகள் பலவே அதை ஏற்கத் தயங்கின. தெய்விகம் எல்லா உயிரிலும் நிறைந்திருப்பது என்று நம்புகிறவர், அது ஓர் உறுப்பின் குறையில் விசேஷமாகக் குடியேறியதாகக் கூற வேண்டியதில்லை. சாய்தளமும் ஆசிரியரும் வேண்டும் என்று கேட்பவருக்குப் பட்டம் வழங்கி அனுப்புவது பழைய வழக்கம்.

தட்சிணேசுவரத்தில் 1884-ஆம் ஆண்டு, உயிர்களிடம் இரக்கம் காட்டுவது பற்றிய பேச்சின்போது ஸ்ரீராமகிருஷ்ணர் அந்தச் சொல்லையே மறுத்து, சிவனென்று கண்டு சேவை செய்வதைக் கூறினார். அங்கிருந்த நரேந்திரர் அதில் ஒரு வாழ்நாள் பணியைக் கண்டார். இரக்கப்படுகிறவருக்கு நிறுத்திக்கொள்ளும் சுதந்திரம் உண்டு. சேவை செய்கிறவருக்கு அது இல்லை. எதிரே இருப்பவருக்கு உரியதையே அவர் செலுத்துகிறார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, குறைபாடுகளின் வகைகளை 7-இலிருந்து 21 ஆக விரித்து, கல்வியை உரிமையாக வலியுறுத்தியபோது, அதே பேதத்தைச் சட்டத்தின் மொழியில் சொன்னது எனலாம். 2021-இல் உச்ச நீதிமன்றம் தொடக்க நிலையில் சிறப்புத் தேவையுள்ள 10 குழந்தைகளுக்கு ஒருவரும், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவருமாகச் சிறப்பாசிரியர் வேண்டும் என்று வகுத்தது. 2025-இலும் அப்பணியிடங்களை அறிவிக்குமாறு மாநிலங்களுக்கு ஆணையிட வேண்டியிருந்தது.

ஆட்கள் போதாத வரையில், தலைவர் பங்கீடு செய்துதான் ஆகவேண்டும். உரக்கக் கேட்கும் பள்ளிக்கே முதலில் கிடைக்கும் என்பது இயல்பு. சக்கர நாற்காலி கண்ணுக்குத் தெரியும். எழுத்துகள் இடம் மாறித் தோன்றும் சிறுவனின் துன்பம் தெரியாது. அவன் கடைசி வரிசையில் 'மந்தம்' என்ற பெயரோடு அமைதியாக இருப்பான். அவனுக்காக எந்தத் தலைமையாசிரியரும் வாதாடமாட்டார். ஆகவே கூட்டத்தில் எவருடைய கோரிக்கையும் வாசிக்கப்படுவதற்கு முன், ஒன்றும் கேட்காத பள்ளிகள் எவை என்று பார்ப்பது நல்லது. 'எங்கள் பள்ளியில் அப்படி ஒருவருமில்லை' என்று எழுதி அனுப்பிய பள்ளிக்குத்தான் தலைவர் முதலில் செல்லவேண்டியிருக்கும்.

ஐந்தாம் வகுப்பு முடிந்து வேறு பள்ளிக்குச் செல்லும் வேளையில் குழந்தைகள் பலர் தவறிப்போகிறார்கள். அவ்வளவு காலம் பொறுப்பேற்றவர் கையை விடுகிறார். புதியவர் இன்னும் நீட்டவில்லை. கோப்பு மட்டும் தபாலில் செல்கிறது. ஆகவே கோடை விடுமுறைக்கு முன்பே இரு பள்ளிகளின் வகுப்பாசிரியர்களையும் பெற்றோரையும் ஒரே அறையில் அமரவைப்பது தலைவரின் பணி. அந்தச் சிறுமிக்கு இடது செவியைவிட வலது செவி சற்று நன்றாகக் கேட்கும், கூட்டமாகச் சிரித்தால் தன்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று அஞ்சுவாள், கணக்கில் கெட்டிக்காரி என்பவற்றைப் பழைய ஆசிரியர் சொல்வார். தாய் இரண்டைத் திருத்துவார். விடுமுறை முடிந்து புதிய பள்ளியில் முதல் நாள் வருகைப் பதிவு எடுக்கும்போது, அந்த ஆசிரியர் அவளுடைய வலப்பக்கமாக வந்து நின்று பெயரை அழைப்பார்.