கண்டதும் காணாததும்

ரமலான் நெருங்கும் மாலையில் கோல சிலாங்கூர் மெலாவத்திக் குன்றில் பிறை பார்க்கப்படுவதை நம்மில் அறியாதார் இலர். கடலின்மேல் மேகம் மூடிவிட்டால், "பிறை தென்படவில்லை" என்று சொல்லி இறங்குவதே முறை. ஆவலோடு ஏறினோம் என்பதற்காக, காணாததைக் கண்டதாகச் சொல்லலாகாது. காணவில்லை என்பதும் சாட்சியமே. கண்ணின் இடத்தில் கருவி வந்தபின் இக்கடமை குறைந்துவிட்டதா?

வியாழன் கோளின் புயல்களைப் படம் பிடிப்போரைக் கொண்டு இதனை ஆராய்வோம். பெரிய தொலைநோக்கிகளுக்கு ஒரே கோளை இரவுதோறும் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. அவ்வேலையை ஊதியம் கருதாத அன்பர்கள் தம் வீட்டிலிருந்தே செய்கின்றனர். வியாழனில் மூன்று வெண்புயல்கள் 1998க்கும் 2000க்கும் இடையே இணைந்து ஒன்றாயின. அது செந்நிறமாக மாறியதை 2006 பிப்ரவரியில் கண்டறிந்தவர் பிலிப்பைன்ஸ் நாட்டுச் செபு நகரின் கிறிஸ்டோபர் கோ. அவரிடம் இருந்தது 11 அங்குலத் தொலைநோக்கி. ஏப்ரலில் ஹப்பிள் விண்தொலைநோக்கியும் அப்புயலைப் படமெடுத்தது.

ஆனால் இத்தகைய படம் ஒரே நொடியில் கிடைப்பதன்று. காற்றின் அசைவில் கோள் கலங்கித் தெரியும். ஆகவே ஆயிரக்கணக்கான படங்களைத் தொடர்ந்து பிடித்து, தெளிவானவற்றைப் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கணினியால் கூர்மையாக்குகின்றனர். அந்தக் கை சற்று மிஞ்சினால், வியாழனில் இல்லாத கோடும் புள்ளியும் படத்தில் முளைக்கும். நள்ளிரவில் அருகில் எவருமில்லை. புதிதாக ஒன்றைக் கண்டவர் என்ற பெயரோ இனிக்கிறது. எங்கே நிறுத்துவது என்பது அவர் மனச்சாட்சிக்கே விடப்பட்டது.

"பொய்யென்றால் மற்றவர் படங்கள் காட்டிக் கொடுத்துவிடாவா?" எனக் கேட்கலாம். பெரும்பாலும் காட்டிக் கொடுக்கும். 2010 ஜூன் 3 அன்று வியாழனில் ஏதோ மோதி, இரண்டு வினாடியளவே ஓர் ஒளி தோன்றி மறைந்தது. ஆஸ்திரேலியாவின் ஆண்டனி வெஸ்லி அதைப் பதிவு செய்தார். கோவின் பதிவிலும் அதே ஒளி இருந்தது. சாட்சிகள் இருவராயினர். பின்னர் ஹப்பிள் பார்த்தபோது வடு எதுவும் தென்படவில்லை. அன்றிரவு செபுவில் மழை பெய்திருந்தால்? வெஸ்லி கண்டது அப்போதும் உண்மையே. துணைச் சாட்சி மட்டும் இராது. அந்நிலையில் ஒருவர் சொல்லைத் தாங்குவது எது? அதற்கு முந்திய எத்தனையோ இரவுகளில், கண்டதை மட்டுமே கண்டதாக அவர் சொல்லிவந்த பழக்கமே.

ஆகவே கருவி சாட்சியின் கடமையைக் குறைக்கவில்லை, கூட்டியே இருக்கிறது. ஈஜோக்கிலும் தஞ்சோங் காராங்கிலும் நம் பிள்ளைகள் நாளை தொலைநோக்கி வாங்கினால், நாம் அவர்கட்கு முதலில் கற்பிக்க வேண்டியது குன்றின்மேல் கற்ற அதே பாடந்தான்: தென்படாத இரவில் "தென்படவில்லை" என்று குறிப்பேட்டில் எழுதுவது.