கண்ணாடியும் மாணிக்கமும்

என் மகன் கம்ப்யூட்டரில் ஒரு கோட்டையை ஆண்டுகொண்டிருக்கிறான். ‘ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்’ என்று பெயர். டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் 2006-இல் வெளியிட்ட விளையாட்டு. குள்ளர்கள் மலையைக் குடைந்து குடியேறித் தொழில் செய்கிறார்கள்.

போன வாரம் அவன் சுரங்கத்தில் மாணிக்கம் அகப்பட்டது. உடனே பட்டை தீட்டக் கொடுப்பான் என்று பார்த்தேன். கல்லை ஒதுக்கி வைத்துவிட்டு மணல் அள்ளி வரச் சொன்னான்.

“இவனுங்களுக்கு இன்னும் கை படியலைப்பா” என்றான்.

மணலை உருக்கினால் பச்சைக் கண்ணாடி. அதைத் தீட்டினாலும் தேர்ச்சி ஏறும். உலையை எரிமலைக் குழம்பின்மேல் அமைத்துவிட்டால் கரிச் செலவுகூட இல்லை. கல் பதிப்பது அங்கே தனி வித்தை. பதிப்பவன் அந்தக் கண்ணாடியையே கல் நாற்காலிகளில் பதித்துப் பழகுகிறான். கை தேர்ந்தவன் பதித்தால் பண்டத்தின் மதிப்புப் பன்மடங்கு ஏறுமாம். அப்புறந்தான் மாணிக்கம் வெளியே வரும். பையனின் சிக்கனத்தைக் கண்டு எனக்குச் சந்தோஷம், கொஞ்சம் பொறாமையும்கூட.

பொன்னானால் உருக்கி மறுபடி செய்யலாம். கல்லில் தேய்ந்தது தேய்ந்ததுதான். 1852-இல் லண்டனில் கோஹினூரை மறுபடி பட்டை தீட்டினார்கள். இன்றைய கணக்கில் 191 காரட் இருந்த கல் 105 காரட் சொச்சமாயிற்று. ஒளி கூடிற்றாம்! மிச்சம் எண்பத்தைந்து காரட்டும் சாணையோடு போயிற்று.

என் அத்தையின் புருஷர் ஒருநாள் வெளியே போனவர் திரும்பவில்லை. பதினாறு வருஷம், ராத்திரிதோறும் அவருக்கென்று ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் அத்தை படுப்பாள். இருபத்திரண்டாவது வயதில் நான் எழுதிய முதல் கதை அதுதான். எனக்கு அப்போது என்ன தெரியும்? கடைசியில் கொட்டுகிற மழையில் அவரைத் திரும்பி வரச் செய்து, அவள் காலில் விழவும் வைத்தேன். பத்திரிகை போட்டது. தெருவே படித்து அத்தையிடம் துக்கம் விசாரித்தது.

“நல்லாத்தான்டா எழுதியிருக்கே” என்றாள். அன்று முதல் தட்டை வைக்கவில்லை.

கண்ணாடியில் பழகியிருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் எழுதுகிறவனுக்குக் கண்ணாடி எது? யாருக்கும் நேராத ஒன்றைக் கற்பனை செய்து நூறு கதை எழுதியிருந்தால் கை படிந்திருக்குமா? விளையாட்டில் கண்ணாடிக்கும் மாணிக்கத்துக்கும் கை ஒரே மாதிரி நிற்கிறது. எனக்கு அப்படியில்லை, அந்தத் தட்டு நின்றுபோன பிறகுதான் பேனாவை எடுக்கப் பயம் வந்தது. அந்தப் பயம்தான் எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது என்று நினைக்கிறேன். அதற்கு விலை கொடுத்தவள் அத்தை. அவளை நான் கேட்டுக்கொண்டா எழுதினேன்?

மகனிடம் இதைச் சொன்னேன்.

“பழைய ஆட்டத்தை ஸேவ் பண்ணி வைக்கலையா?” என்றான்.

அத்தை காலமாகிவிட்டாள். தட்டு என் வீட்டில் இருக்கிறது. தேர்ந்த கையோடு அந்தக் கதையைத் திரும்ப எழுத இரண்டு தடவை உட்கார்ந்தேன், எழுந்துவிட்டேன். இதோ, இந்தக் கட்டுரைக்கும் அதையேதான் எடுத்திருக்கிறேன்.